காஞ்சியை விட்டுப் போன மூன்று சாமிகள்

1

பள்ளிக்கூடங்களில் ‘இன்பச் சுற்றுலா’ என்று ஒரு சொல் வழங்கிவருகிறது. கள்ளக்குறிச்சிப் பக்கம் வாத்தியாராக இருந்த காலத்தில் அப்படிப் பல சுற்றுலாக்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். விடியற்காலையில் பஸ் கிளம்பும். காஞ்சிபுரம், மாமல்லபுரம், திரும்பி வந்து சேர நடுராத்திரி. இல்லையென்றால் தஞ்சாவூர். இறங்கு, வரிசையில் நில், கட்டிய ராசா பேரு, நூற்றாண்டு, சிற்பத்தைத் தொடாதே, ஏறு. மறுநாள் கட்டுரை எழுதச் சொல்வோம். அறுபது பிள்ளைகளும் ஒரே கட்டுரையைத்தான் எழுதும். அதில் ஒரு ராசா இருப்பான், ஒரு கோபுரம் இருக்கும், கடைசி வரியில் ‘மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்’ என்று இருக்கும்.

மலையிலிருந்து இறங்கிவந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் இந்தச் சுற்றுலாக்களில் பெரும்பாலும் வந்ததில்லை. காசு ஒரு காரணம். அவர்களைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாதது இன்னொரு காரணம். வரலாற்று நகரம் என்று நாம் ஒன்றைச் சுட்டிக்காட்டும்போது சுட்டுகிற விரல் யாருடையது, பார்க்கிற கண் யாருடையது என்ற கேள்விகளை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். பஸ்ஸில் ஏறும்போது அவை நினைவுக்கு வந்ததில்லை. 2023ஆம் ஆண்டு பங்குனி மாதம், கரியாலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரோடு காஞ்சிபுரம் போய்வந்த பிறகுதான் அவை என்னைக் குடையத் தொடங்கின.

அவருக்கு எழுபது வயதுக்கு மேல். பேரனின் சாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தார். அங்கே ஒருவர், ‘ஒங்க பூர்வீகம் எது?’ என்று கேட்டிருக்கிறார். தாத்தன் சொன்னதை, தாத்தனுக்குத் தாத்தன் சொன்னதை இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்: ‘காஞ்சிபுரமுங்க. நாங்க காராளருங்க.’ கேட்டவர் சிரித்துவிட்டு, ‘காஞ்சிபுரத்து வேளாளன், பேருக்குப் பின்னால கவுண்டன், அப்பறம் எப்பிடிய்யா எஸ்.டி.?’ என்று கட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார்.

பெரியவர் நேரே என் வீட்டுக்கு வந்தார். ‘வாத்தியாரே, காஞ்சிபுரத்துல எங்க பேரு எங்கனா எழுதியிருக்குமா? ஒருவாட்டி பாத்துட்டு வந்திடலாமா?’

நான் சொன்னேன்: ‘எழுதியிருந்தா ஒங்க பேரனுக்குத்தானே கெடுதல்? வேளாளர்னு கல்லுலயே இருக்குதேன்னு சொல்லிடுவாங்களே.’

‘கெடுதலோ நல்லதோ, அது மெய்யா பொய்யான்னு தெரியணுமில்ல?’

வரலாறு என்ற துறையின் அடிப்படைக் கேள்வியை இவ்வளவு நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை.

2

கல்வராயன் மலையின் மக்கள் அரசாங்கப் பட்டியலில் ‘மலையாளி’ என்று குறிக்கப்படுகிறார்கள். கேரளத்து மலையாளிக்கும் இவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். சேர்வராயன், கொல்லி, பச்சைமலை, சித்தேரி, ஜவ்வாது என்று கிழக்கு மலைத்தொடரின் இந்தப் பகுதி முழுக்கப் பரவியிருக்கிறார்கள். இந்த மலைகள் பலவற்றிலும் ஒரே கதை வேறு வேறு வடிவங்களில் சொல்லப்படுகிறது. காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்புகிறார்கள். ஆளுக்கொரு மலையில் குடியேறுகிறார்கள். வெவ்வேறு சாதிப் பெண்களை மணக்கிறார்கள். கூடவே ஒரு சாமியும் வருகிறது. அதன் பெயர் கரிராமன். ஏன் கிளம்பினார்கள் என்பதற்கு ஒரு வடிவம் துலுக்கர் ஆட்சிக்குப் பயந்து என்கிறது. இன்னொரு வடிவம் வேட்டைக்குப் போனவர்கள் திரும்ப முடியாமல் தங்கிவிட்டார்கள் என்கிறது.

வெள்ளைக்கார அதிகாரிகள் இந்தக் கதையை எழுதிவைத்தார்கள். 1883இல் வந்த சேலம் மாவட்ட மேனுவல், 1906இல் ஃபிரான்சிஸ் எழுதிய தென் ஆற்காடு கெசட்டியர், 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த தர்ஸ்டனின் சாதிகளும் குடிகளும் பற்றிய நூல் ஆகியவற்றில் இது இருக்கிறது. எழுதியதோடு நிற்கவில்லை. இவர்கள் ‘உண்மையான’ மலைச்சாதி அல்ல, சமவெளியிலிருந்து பிற்காலத்தில் ஏறிய தமிழர்கள் என்று தீர்ப்பும் சொன்னார்கள். அவர்களுக்கு மலைச்சாதி என்றால் முகமும் மூக்கும் வேறாக இருக்க வேண்டும், மொழி வேறாக இருக்க வேண்டும், காலம் உறைந்து போயிருக்க வேண்டும். தன் மூதாதை ஒரு நகரத்திலிருந்து வந்தான் என்று கதை சொல்கிறவன் அந்தச் சட்டகத்துக்குள் அடங்கமாட்டான்.

சுதந்திர இந்தியா இந்தச் சட்டகத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. பழங்குடி யார் என்று தீர்மானிக்க 1965இல் லோகூர் குழு ஐந்து அளவுகோல்களை வைத்தது: தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, புவியியல் ஒதுக்கம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. கூச்சம் ஓர் அளவுகோல்! அலுவலகத்தில் நிமிர்ந்து நின்று ‘நாங்க காஞ்சிபுரமுங்க’ என்று சொன்ன பெரியவர் அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு அளவுகோல்களில் தோற்றுவிட்டார்.

பட்டியலில் உள்ள வரியையும் பார்க்க வேண்டும். ‘மலையாளி’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள் என்று வரையறுத்திருக்கிறது. அதே மக்கள் ஈரோடு மாவட்ட மலைகளில் இருந்தால் அந்த வரிக்கு வெளியே போய்விடுகிறார்கள். மலைத்தொடருக்கு நடுவே போட்ட மாவட்டக் கோடு ஒருவனைப் பழங்குடி ஆக்குகிறது, அவன் பங்காளியை வேறெதுவோ ஆக்குகிறது. ஆக, சான்றிதழ் என்பது அவனுடைய வரலாற்றைப் பற்றியதே அல்ல. அவனைப் பற்றி அரசு வைத்திருக்கும் வரைபடத்தைப் பற்றியது.

3

கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பி, பஸ் மாறி மாறிக் காஞ்சிபுரம் போய் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. முதலில் கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். ராஜசிம்மன் எனப்பட்ட இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. சுற்றிலும் 58 சிறு சன்னதிகள். மணற்கல் அரித்துப்போன இடங்களில் பிற்காலத்தில் பூசிய சுதை. வாசலில் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை. பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை, 1958ஆம் ஆண்டுச் சட்டம்.

பெரியவர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘இது சாமி வூடு. ராசா வூடு எங்க?’ என்றார்.

இல்லை என்றேன். பல்லவர் அரண்மனை எதுவும் இன்று நிற்கவில்லை. கோயிலைக் கல்லில் கட்டினார்கள். அரண்மனை செங்கல்லும் மரமும், மக்கிப் போய்விட்டது. காஞ்சியைச் சுற்றிப் பார்க்க வருகிற எவரும் அரண்மனையைப் பார்ப்பதில்லை. ஆனாலும் அரண்மனை இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

‘அப்ப மண்ணு வூட்டுல இருந்தாலும் ராசா ராசாதான்’ என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. தடயமே இல்லாத அரண்மனையை நம்புகிற நாம், தடயம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவருடைய பயணத்தை நம்ப மறுக்கிறோம். இத்தனைக்கும் அரண்மனைக்குச் சாட்சி சொல்வது எழுத்துதான். இவர் பயணத்துக்குச் சாட்சி வாய். நாம் எடைபோடுவது கல்லை அல்ல, எழுத்தை. அந்த எழுத்து யார் கையில் இருந்தது என்று கேட்பதில்லை.

அதே கோயிலில் ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பொறிக்கச் செய்தது. இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்து, அதை எடுத்துக்கொள்ளாமல் சாமிக்கே திருப்பிக் கொடுத்தான் என்று அது சொல்கிறது. தோற்றவன் கோயிலுக்குள், ஜெயித்தவன் தன் மொழியில், தன் பெருந்தன்மையைத் தானே எழுதிவைத்திருக்கிறான். இதைப் பெரியவருக்குச் சொன்னேன். ‘சண்டையில செத்தவங்க பேரு?’ என்றார். இல்லை.

அங்கிருந்து வைகுண்டப் பெருமாள் கோயில். இதன் சுற்றுச் சுவர்களில் பல்லவ அரச வம்சத்தின் கதை வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. இதை நமக்குப் படித்துச் சொன்னவர் சி. மீனாட்சி. தமிழகத்தில் வரலாற்றாய்வுக்கு வந்த முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவர். 1940இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். இந்தச் சிற்பங்களைப் பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டுதான் வெளிவந்தது. சிற்பங்கள் சொல்லும் கதை இது: இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறக்கிறான். காஞ்சியிலிருந்து ஒரு தூதுக் குழு இரணியவர்மனிடம் போகிறது. அவன் பிள்ளைகளில் மூத்தவர்கள் மாட்டேன் என்கிறார்கள். கடைசிப் பிள்ளை, பன்னிரண்டு வயதுப் பையன், நான் போகிறேன் என்கிறான். மலை, ஆறு, காடு என்று தாண்டிக் காஞ்சிக்கு வந்து முடிசூடுகிறான். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன், பல்லவமல்லன். கோயிலைக் கட்டியவனும் அவனே.

பெரியவர் இந்தச் சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார். ‘இவனும் அண்ணன் தம்பிதான். இவன் மலை தாண்டி வந்தான், நாங்க மலைக்குப் போனோம். போனவனுக்குச் செவுரு இல்ல’ என்றார்.

நாட்டார் கதையின் அமைப்பைக் கவனித்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. பல சகோதரர்கள், தயங்கும் மூத்தவன், துணிகிற இளையவன், நெடும் பயணம், புது இடம். சுவரில் இருக்கும் அரச வரலாறும் மலையில் சொல்லப்படும் கதையும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றை வரலாற்றுப் பாடத்தில் வைத்தோம், மற்றதை நாட்டார் வழக்காற்றில் வைத்தோம். பிரித்தது கதைகளின் தன்மை அல்ல. எந்தத் திசையில் நடந்தார்கள் என்பது. நகரத்தை நோக்கி வருகிறவன் வரலாற்றுக்குள் வருகிறான். நகரத்தை விட்டுப் போகிறவன் மானுடவியலுக்குள் போகிறான்.

4

சாயங்காலம் வரதராஜப் பெருமாள் கோயில். எல்லாரும் பார்க்கிற நூற்றுக்கால் மண்டபத்தையும் கல்சங்கிலியையும் பார்த்தோம். நான் காட்ட நினைத்தது வேறொரு கல்வெட்டின் செய்தியை. 1688இல், அவுரங்கசீப்பின் படைகள் தெற்கே வந்துகொண்டிருந்த காலத்தில், பயந்துபோய் இந்தக் கோயிலின் உற்சவ மூர்த்தியை ரகசியமாக எடுத்துப்போய் உடையார்பாளையத்தில் வைத்தார்கள். ஆபத்து நீங்கிய பின்னும் உடையார்பாளையத்து ஜமீன் சாமியைத் திருப்பித்தர மனமில்லாமல் இருந்தது. ஆத்தான் ஜீயர் என்பவர் முயன்று, தோடர்மால் என்ற படைத்தலைவரின் உதவியோடு 1710இல் சாமி திரும்பி வந்தது. இதைச் சொல்லும் கல்வெட்டு கோயிலுக்குள்ளேயே இருக்கிறது.

தோடர்மால் யார்? ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் கீழ் பணியாற்றிய அதிகாரி. துலுக்கருக்குப் பயந்து போன சாமி, ஒரு முஸ்லிம் ஆட்சியாளரின் அதிகாரி துணையோடு திரும்பி வந்திருக்கிறது. ‘துலுக்கர் பயம்’ என்ற ஒற்றைக் காரணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடப்பெயர்வுக்கும் ஒட்டுகிறவர்கள் இந்தக் கல்வெட்டை ஒருமுறை படிக்கலாம். மலைக்கதையின் ஒரு வடிவத்திலும் அந்தப் பயம் வருகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாப் பயத்துக்கும் அது ஒரு பொதுப்பெயராக ஆகிவிட்டிருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. வரி, பஞ்சம், படை, நிலத்தை இழந்தது, சாதி மீறிய கல்யாணம் என்று ஊரைவிட்டு ஓட எத்தனையோ காரணங்கள் உண்டு. அவற்றைச் சொன்னால் கௌரவக் குறைவு. படையெடுப்பைச் சொன்னால் தியாகம்.

அதே காலத்தில் காஞ்சியை விட்டுப் போன இன்னொரு சாமி உண்டு. பங்காரு காமாட்சி. பொன்னால் ஆன காமாட்சி. அர்ச்சகக் குடும்பம் அதைத் தூக்கிக்கொண்டு செஞ்சி, உடையார்பாளையம், பிறகு திருவாரூர் என்று அலைந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தஞ்சாவூர் மேலவீதியில், மராட்டிய மன்னர் ஆதரவில் நிலைகொண்டது. இந்தச் சாமி திரும்பவில்லை. ஆனால் அந்த அர்ச்சகக் குடும்பத்தில்தான் சியாமா சாஸ்திரி (1762–1827) பிறந்தார். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர். ஆகவே அந்த அலைச்சல் முழுவதும் கச்சேரி மேடைவரை நினைவில் இருக்கிறது.

மூன்றாவது கரிராமன். இதுவும் காஞ்சியிலிருந்து போன சாமி என்றுதான் மலைமக்கள் சொல்கிறார்கள்.

மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வரதரைத் தூக்கிப் போனவர்களிடம் மடம் இருந்தது, ஜீயர் இருந்தார், படைத்தலைவர் இருந்தார். திரும்பி வந்ததும் கல் கிடைத்தது. காமாட்சியைத் தூக்கிப் போனவர்களிடம் வேதம் இருந்தது, சங்கீதம் இருந்தது, ஓர் அரசன் இருந்தான். கல் இல்லாவிட்டாலும் ஏடு கிடைத்தது. கரிராமனைத் தூக்கிப் போனவர்களிடம் சொல் மட்டும்தான் இருந்தது. முதல் இரண்டும் வரலாறு, மூன்றாவது புராணக்கதை என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. முதல் இரண்டையும் சந்தேகப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூன்றாவதை அப்படியே நம்ப வேண்டும் என்றும் சொல்லவில்லை. காஞ்சியிலிருந்து சாமிகள் போனது உண்மையில் நடந்த ஒன்று. அப்படி நடந்த ஓர் ஊரைப் பற்றி அப்படி ஒரு கதை இருக்கிறது. அதை விசாரிக்காமலே சிரித்துத் தள்ளும் உரிமை அலுவலக நாற்காலிக்கு எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன்.

கோயில் நந்தவனத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். நந்தவனத்துக்கு நிலம் விட்டவன் பெயரும் பூத்தொடுக்க ஏற்பாடு செய்தவன் பெயரும் தமிழ்நாட்டுக் கோயில்களில் கல்லில் இருக்கும் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘எங்க பேரு இல்ல. ஆனா இல்லன்னும் எழுதல’ என்றார்.

5

இவ்வளவு தூரம் மலைக்கதையின் பக்கம் நின்று பேசியாகிவிட்டது. அடித்தள மக்களின் வரலாறு எழுதப் புறப்பட்ட நம்மில் பலர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தக்கூடாது. ஏனென்றால் மலைக்கதைக்குள்ளேயே இன்னொரு குரல் நெரிபட்டுக் கிடக்கிறது.

தென் ஆற்காடு கெசட்டியரில் கல்வராயனைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. இந்த மலையில் முதலில் வேடர்கள் இருந்தார்கள். மலையாளிகள் வந்து ஆண்களைக் கொன்று பெண்களை மணந்துகொண்டார்கள். அதனால்தான் கல்யாணத்தில் வானத்தை நோக்கித் துப்பாக்கி சுடுகிறார்கள். அந்தச் சத்தம் வேடக் கணவனின் சாவைக் குறிக்கிறது. 1906இல் அச்சான செய்தி இது. வெள்ளைக்கார அதிகாரி எழுதியது, எனவே எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில் பெரியவரிடம் இதைக் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. ‘ஆமா, வேடன் இருந்தான்’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆக, காஞ்சியிலிருந்து துரத்தப்பட்டவர்கள் மலையில் துரத்தியவர்களாகவும் இருந்திருக்கிறார்கள். ஜேம்ஸ் ஸ்காட் 2009இல் எழுதிய நூலில் தென்கிழக்கு ஆசிய மலைகளைப் பற்றிச் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மலைமக்கள் நாகரிகத்துக்கு முந்திய மிச்சம் அல்ல. அரசுகளின் வரிக்கும் படைக்கும் தப்பி மேலே ஏறியவர்கள். அவர்களுடைய விவசாயம், எழுத்தில்லாமை எல்லாமே அரசின் பிடிக்குள் அகப்படாமல் இருக்கிற வழிகள் என்பது அவர் வாதம். கல்வராயனுக்கு இது நிறையப் பொருந்துகிறது. சரிவில் கொத்தியே வெள்ளாமை செய்யும் கொத்துக்காடு, சாமை, கேழ்வரகு, கணக்கில் வராத காடு. ‘எழுத்து இல்லாதது குறை அல்ல, தந்திரம்’ என்று ஸ்காட்டை ஒட்டி நாம் வாதாடலாம்.

ஆனால் மலைக்கு ஏறியவனோடு அதிகாரமும் ஏறிக்கொண்டது. கல்வராயனில் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகிர்கள் இருந்தன. பாளையக்காரர்களாக இருந்து ஜாகிர்தார்களாக ஆனவர்கள். வரி அவர்களுக்கு, காட்டு விளைச்சலில் பங்கு அவர்களுக்கு, கூலியில்லா வேலையும் அவர்களுக்கு. சமவெளியில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. கல்வராயன் ஜாகிர்களை அரசு எடுத்துக்கொண்டது 1976இல். இருபத்தெட்டு வருசம்! நாடு சுதந்திரம் அடைந்து, நான்கைந்து பொதுத் தேர்தல் நடந்து, திராவிட இயக்கம் ஆட்சிக்கு வந்து ஒன்பது வருசம் கழிந்த பிறகும் மலைக்கு மேலே ஜாகிர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அரசுக்கு எட்டாத இடம் என்று நாம் கொண்டாடுகிற இடம், சட்டத்தின் காவலும் எட்டாத இடமாக இருந்தது. பெரியவர் சின்ன வயதில் அந்த ஜாகிர் வேலைக்குப் போனவர். ஸ்காட்டின் மலையில் அவருக்கு இடம் உண்டு. அவர் முதுகில் சுமந்த மூட்டைக்கு அங்கே இடம் இல்லை.

இருந்தாலும் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை என்னால் லேசாக விட முடியவில்லை. காஞ்சியில் அன்று நாங்கள் பார்த்தது வென்றவர்களின் நினைவுகள். விக்கிரமாதித்தனின் தூணில் செத்தவன் இல்லை. பல்லவமல்லனின் சுவரில் போர் உண்டு, போரில் விதவையானவள் இல்லை. எழுத்தில்லாத இந்த மலையில், வென்றவர்களின் வழிவந்தவர்கள், ஒவ்வொரு கல்யாணத்திலும், சந்தோஷமான நேரத்தில், தாங்கள் கொன்றவனை ஒரு வெடிச் சத்தத்தால் நினைத்திருக்கிறார்கள். அது குற்ற ஒப்புதலா, வெற்றி முழக்கமா, ஆவியை விரட்டும் சடங்கா? மூன்றும் ஒன்றாகவே இருக்கலாம். அதில் வேடப் பெண்ணுக்குப் பெயர் இல்லை என்பதும் உண்மை. இன்று மலையில் இருக்கும் எல்லாருக்கும் அவள்தான் பாட்டி. காஞ்சியிலிருந்து வந்தவன் தாத்தன் மட்டும். பாட்டி எங்கிருந்தும் வரவில்லை, அங்கேயே இருந்தவள். கதையை அவள் பக்கமிருந்து சொன்னால், பூர்வீகம் எது என்ற அலுவலகக் கேள்விக்கு வேறு பதில் கிடைக்கும். ஆனால் அரசும் சரி, மலையும் சரி, பூர்வீகத்தைத் தகப்பன் வழியில்தான் கேட்கின்றன.

6

இப்போது கல்வராயன் மலையே ஒரு சுற்றுலாத் தலம். கோமுகி அணையைத் தாண்டி மேலே ஏறினால் மேகம் அருவி, பெரியார் அருவி, கரியாலூரில் படகுக் குழாம், பூங்கா. கோடை விழா நடக்கிறது. சேலம் மாவட்டப் பக்கத்தில் கருமந்துறையில் அரசுப் பழப்பண்ணை ஆயிரம் ஏக்கர் அளவில் இருக்கிறது. மலை விழாக்களில் வழக்கம்போல் மேடையில் ‘பழங்குடியினர் நடனம்’ உண்டு. அன்றைக்கு மட்டும் மலையாளி முழுப் பழங்குடி. சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. மறுநாள் அலுவலகத்துக்குப் போனால் காஞ்சிபுரத்து வேளாளன்.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்தில், கருணாபுரம் பகுதியில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். உடனே பத்திரிகைகளின் பார்வை மலைப் பக்கம் திரும்பியது. கல்வராயன் என்றால் சாராயம் என்று தலைப்புகள் வந்தன. மெத்தனாலுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கப் பலருக்குப் பொறுமை இல்லை. அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரிக்க எடுத்துக்கொண்டபோதுதான் சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி பற்றிய பேச்சு வெளியே வந்தது. அருவியாகவோ, நடனமாகவோ, சாராயமாகவோ பார்க்கலாம். மனிதர்களாகப் பார்க்க அறுபது சாவும் ஒரு நீதிமன்றமும் தேவைப்பட்டன. செத்தவர்களோ மலைக்காரர்களும் இல்லை.

பெரியவரின் பேரனுக்குப் பிறகு சான்றிதழ் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். ‘அங்க போயி காஞ்சிபுரம்னு வாயத் தொறக்காதடான்னு சொல்லி அனுப்பிச்சேன்’ என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உரிமையை வாங்க ஒரு கதையை விலையாகக் கொடுத்திருக்கிறார். பேரன் இனி அதைச் சொல்லமாட்டான். அவன் பிள்ளைக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் குறிப்புகளில் ‘பத்துத் தலைமுறை’ என்று ஒரு கணக்கு வருகிறது. அத்தனை தலைமுறை வாய்மாறி வந்த ஒன்று ஒரு கவுன்டரின் முன்னால் நின்றுபோகிறது.

சான்றிதழுக்காகவும் வன உரிமைக்காகவும் மலைகளில் வேலை செய்கிற தோழர்களிடம் இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆவணங்களைத் திரட்டுகிறோம். திரட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த வேகத்தில், வழக்குக்கு இடைஞ்சலான கதைகளைச் சொல்ல வேண்டாம் என்று நாமும் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பழங்குடி என்றால் எங்கிருந்தும் வராதவன் என்ற சட்டகத்தை உடைக்காமல், அதற்குள் மக்களை அடக்கிக் காட்டுவது நம் வேலையாகிவிட்டது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவனுக்கும் காட்டில் உரிமை உண்டு, காட்டில் அவன் உழைத்தான் என்பதால். அந்த வாதத்தை நாம் இன்னும் வலுவாக எழுதவில்லை.

போன வருசம் பெரியவரின் பேத்திக்கு மலையில் கல்யாணம். போயிருந்தேன். நாட்டுத் துப்பாக்கி போலீஸ் கெடுபிடியில் இப்போது கிடையாது. தாலி கட்டியதும் பையன்கள் ஓர் அவுட்டு வெடியைக் கொளுத்தினார்கள். எதற்கு என்று ஒருவனைக் கேட்டேன். ‘ஜாலிக்குத்தான் சார்’ என்றான். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெடிப்புகை கலைகிறவரை பேசாமல் இருந்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: ‘வேடனுக்கு.’